ஞாயிற்றுக்கிழமை இரண்டு ட்ரே: ஓடுகிற வாரத்துக்கான சமையல், கேள்வியும் பதிலும்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் விடிவதற்கு முன்பே ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர், எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகள், நடுவில் மூன்று நான்கு டிபன் பாக்ஸ். இப்படிப்பட்ட வீடுகளில் இருப்பவர்கள் ஓவன் ட்ரே சமையலைப் பற்றி என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ட்ரே சமையல் என்கிறீர்களே, அது என்ன?

விளிம்பு குட்டையான தட்டை ட்ரே ஒன்று. வெட்டிய காயையோ கறியையோ எண்ணெய், உப்பு, மசாலா போட்டுப் பிசறி, அதில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, சூடான ஓவனில் வைத்துவிடுவது. அவ்வளவுதான். கிளற வேண்டாம், அடுப்படியில் நிற்க வேண்டாம். வெளிநாட்டில் இதையே முழுச் சாப்பாடாகத் தட்டில் போட்டுச் சாப்பிடுகிறார்கள், நமக்கு அது ஒத்துவராது. நமக்குச் சோறோ களியோ வேண்டும், மேலே ஊற்ற ஒரு குழம்போ ரசமோ வேண்டும். அதனால் ட்ரேயை நான் பொரியல், வறுவல் இருக்கும் இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். காலையில் நம் நேரத்தைத் தின்பது எது என்று யோசித்துப் பாருங்கள். குக்கரில் சோறு தானாக வெந்துவிடும். காய் கழுவி, நறுக்கி, வாணலி பக்கத்தில் நின்று வதக்குவதில்தான் முக்கால் மணி நேரம் போகிறது. அந்த வேலையை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள், மற்றதை எப்போதும் போலச் செய்யுங்கள்.

ஒரே நாளில் ஏழு நாளுக்கும் செய்து வைத்துவிடலாமா?

வேண்டாம். வெந்த காயும் கறியும் பிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள்தான் நன்றாக இருக்கும். வெளியே கெட்ட வாடை வருவதற்கு முன்பே உள்ளே கிருமி பெருகியிருக்கும், அதனால் மூக்கை நம்பி முடிவு செய்ய முடியாது. ஞாயிறு சாயங்காலம் இரண்டு ட்ரே, புதன் ராத்திரி ஒரு ட்ரே என்று பிரித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை வேலை சின்னது. நறுக்கி உள்ளே தள்ளிவிட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரத்திலேயே வெந்துவிடும்.

எந்த ஓவன் வாங்குவது? கரண்ட் பில் எகிறுமா?

நான்கு பேர் வீட்டுக்கு 28 லிட்டரிலிருந்து 40 லிட்டருக்குள் ஒரு ஓடிஜி, அதாவது மேடை மேல் வைக்கும் கரண்ட் ஓவன் போதும். மேலும் கீழும் கம்பி சூடாக வேண்டும், வெப்பநிலைத் திருகு 230 டிகிரி வரைக்குமாவது போக வேண்டும். உள்ளே காற்றைச் சுழற்றும் பேன் இருந்தால் நல்லது. கடைக்குப் போகும்போது ஓவனின் லிட்டரைப் பார்ப்பதோடு ட்ரேயையும் வெளியே எடுத்துப் பாருங்கள். சில மாடல்களில் வெளிப்பெட்டி பெரிதாக இருக்கும், ட்ரேயில் அரைக் கிலோ காய்கூடப் பரப்ப முடியாது.

பில்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1500 வாட் ஓவன் நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். ஆனால் சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைந்து அணைந்து எரியும் என்பதால் நடப்பில் அதைவிடக் குறையும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 25 யூனிட்டை ஒட்டித்தான் வரும். கவனிக்க வேண்டியது பிளக் பாயின்ட். மிக்ஸி மாட்டும் சின்ன பாயின்ட்டில் ஓவனைச் செருகாதீர்கள், ஏசி, கீஸருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது. பழைய வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரின் தடிமனைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

மைக்ரோவேவ் மட்டும் இருக்கிறது என்றால், அதில் கன்வெக்‌ஷன் பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உள்ளே சுற்றும் வட்டத்துக்குள் அடங்கும் ட்ரேயில் செய்யலாம். வெறும் மைக்ரோவேவில் காய் வேகும், சிவக்காது.

ட்ரேயில் பேப்பர் போடலாமா, பாயில் போடலாமா?

பேக்கிங் பேப்பர் போடுங்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்று அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 220 டிகிரி இருக்கும். மெழுகு பூசிய பேப்பர் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் ஓவனுக்குள் புகைந்துவிடும். அலுமினியம் பாயிலில் உருளையோ காலிபிளவரோ வைத்தால் பிரச்சினை இல்லை. தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர் சேர்த்ததை நேரே பாயிலிலும் வெறும் அலுமினிய ட்ரேயிலும் வைக்காதீர்கள்; புளிப்பு அலுமினியத்தை அரித்துச் சாப்பாட்டில் சேர்க்கும்.

என் காய் எப்போதும் சொதசொத என்று ஆகிறதே, ஏன்?

என்னிடம் அதிகமாக வரும் கேள்வி இதுதான். பத்துக்கு எட்டு வீட்டில் காரணம் ஒன்றே ஒன்று, ட்ரேயில் காய் அதிகம்.

காயில் பெரும்பகுதி தண்ணீர். சூடு ஏறும்போது அது ஆவியாக வெளியே வரும். துண்டுகளுக்கு நடுவில் இடம் இருந்தால் ஆவி மேலே போய்விடும், காயின் மேற்பரப்பு காயும், காய்ந்த பிறகுதான் 140 டிகிரிக்கு மேல் சூடேறிச் சிவக்க ஆரம்பிக்கும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் ஆவி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீங்கள் ஓவனை 200ல் வைத்தாலும் உள்ளே நடப்பது இட்லிக் குண்டான் வேலைதான்.

ஆகவே ஓடிஜியில் வரும் சாதாரண ட்ரேக்கு அரைக் கிலோவிலிருந்து 700 கிராம் வரை நறுக்கிய காய், அதற்கு மேல் போட வேண்டாம். கழுவிய காயைத் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள், காலிபிளவரை வெந்நீரில் போட்டு எடுத்தீர்கள் என்றால் அது நன்றாக வடியும் வரை காத்திருங்கள். ஓவனைப் பத்து பதினைந்து நிமிடம் முன்பே போட்டுச் சூடேற்றுங்கள். பாதி நேரத்தில் ட்ரேயை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், சின்ன ஓவன்களில் பின்பக்கம்தான் சூடு அதிகம்.

வெந்துவிட்டதா என்று மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலிபிளவரில் ஒரு பூவைக் கரண்டியால் புரட்டிப் பாருங்கள். ட்ரேயில் படிந்திருந்த பக்கம் நல்ல பழுப்பாக, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடு விழுந்து, காம்பில் கத்தி நுழையும்போது லேசாகத் தடுக்க வேண்டும். அந்தப் பதத்தில் எடுத்தால்தான் மறுநாள் சூடு காட்டும்போது குழையாது. கத்தி வெண்ணெய்யில் இறங்குவது மாதிரி இறங்கினால் ஒரு நாளுக்கு மேல் அதை வைத்திருக்காதீர்கள், அன்றைக்கே மசித்துக் கூட்டாக்கிவிடுங்கள்.

எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வெந்து ஒன்று வேகாமல் நிற்கிறதே?

வேகும் நேரத்தைப் பார்த்துக் கூட்டுச் சேருங்கள். 200 டிகிரி சூட்டில், கட்டைவிரல் நுனியளவு துண்டாக வெட்டிய உருளை, கேரட், பீட்ரூட், சக்கரைவள்ளி, சேனை எல்லாம் 35லிருந்து 40 நிமிடம் எடுக்கும். காலிபிளவர், பீன்ஸ், கத்தரிக்காய் 25 நிமிடத்தை ஒட்டி. வெண்டை, குடைமிளகாய், பெரிய வெங்காயம் 20 நிமிடம். முதல் ட்ரேயில் கிழங்கு வகை, இரண்டாவதில் மற்றவை. அல்லது ஒரே ட்ரேயில் பாதியில் கிழங்கை மட்டும் வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபாதியில் காலிபிளவரைக் கொட்டுங்கள், இரண்டும் ஒன்றாக வெளியே வரும்.

இதெல்லாம் ஒரு திட்டக் கணக்குதான். உங்கள் ஓவன் பத்து இருபது டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். முதல் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் முன்பே திறந்து பாருங்கள், பிறகு கை பழகிவிடும்.

சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ இவற்றை ட்ரேக்குக் கொண்டுவராதீர்கள். தண்ணீர்க் காய், சுருங்கிப் போகும், கூட்டுக்கும் குழம்புக்கும்தான் அழகு. கீரையும் அப்படியே.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி பற்றிப் பலர் கேட்கிறார்கள், நம் பக்கம் விளைவதாயிற்றே. பச்சையாக வெட்டி ட்ரேயில் வைக்கவே கூடாது. மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. தோலையும் நடு நாரையும் எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி 15 நிமிடம் ட்ரேயில் வைத்தால் ஓரமெல்லாம் மொறுமொறுப்பாகிவிடும். ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்பு ரகத்தை வாங்காமல், சாப்பாட்டுக் கிழங்கு என்று கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் எவ்வளவு? நம்ம மசாலா எல்லாம் போடலாமா?

ட்ரேக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய். அதற்குக் குறைத்தால் காய் வறண்டு தோலாகிவிடும், கூட்டினால் அடியில் தேங்கும். பாத்திரத்தில் போட்டுக் கையால் பிசறினால்தான் எல்லாத் துண்டிலும் பூசும், ட்ரேயில் வைத்த பிறகு மேலே ஊற்றுவது வீண். உப்பு அரைக் கிலோவுக்கு முக்கால் டீஸ்பூன் போதும், காய் சுருங்கும்போது உப்பு தூக்கலாகத் தெரியும். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன், அதில் குழம்பின் உப்பும் ஊறுகாயின் உப்பும் அடக்கம்.

மசாலாவில் மஞ்சள், மல்லித்தூள், மிளகு, சீரகம் தாங்கும். மிளகாய்த்தூள் எண்ணெயில் குழைத்துப் போட்டால் தாங்கும், உலர்வாகத் தூவினால் கருகும். பொடியாக நறுக்கிய பூண்டு கசந்துவிடும், தோலோடு முழுப் பல்லாகப் போடுங்கள், உள்ளே வெந்து இனிக்கும். தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாம் சாப்பிடும் நாளன்று தாளிப்பில் சேரட்டும்.

அடிப்படை ட்ரேயில் உப்பும் மஞ்சளும் மிளகும் மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். ஞாயிறன்றே கரம் மசாலா போட்டு முடித்துவிட்டால் புதன் வரை அதே வாசனையைத்தான் சாப்பிட வேண்டும். வெறுமனே வெந்த காயைத் தினம் ஒரு தாளிப்பில் திருப்பிக்கொள்ளலாம்.

அக்கா, அப்படி ஒரு வாரம் எப்படிப் போகும், சொல்லிக் காட்டுங்களேன்?

சரி, ஞாயிறு சாயங்காலம் ஒரு ட்ரேயில் உருளை, கேரட், இன்னொன்றில் காலிபிளவர், பீன்ஸ் வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை வாணலியில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துக் கேரட்டையும் பீன்ஸையும் போட்டு ஒரு புரட்டு, மேலே தேங்காய்த்துருவல். மூன்று நிமிடத்தில் பொரியல். செவ்வாய் காலிபிளவரில் மிளகும் சோம்பும் பொடித்துத் தூவி வறுவலாக்குங்கள், ரசத்துக்கு நன்றாகப் பொருந்தும். ராத்திரி மிச்ச உருளையை மசித்துச் சப்பாத்திக்குள் வைத்துவிடலாம். புதன் காலை எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடி மிஞ்சியிருக்கும், அதைச் சாமைச் சோற்றில் போட்டு எலுமிச்சை பிழிந்து கலந்தால் டிபன் பாக்ஸ் ஆயிற்று. புதன் ராத்திரி அடுத்த ட்ரே, இந்த முறை வெண்டையும் கத்தரியும் வெங்காயமும். வியாழன் அந்தக் கத்தரியைப் பச்சை மிளகாய், புளியோடு கடைந்துவிடலாம், வெள்ளி வெண்டைக்காயைத் தயிரில் போட்டுப் பச்சடி.

சனிக்கிழமை பிரிட்ஜைக் காலி செய்யுங்கள்.

களிக்கும் இதற்கும் பொருந்துமா?

களிதான் நம் வீட்டுச் சாப்பாடு, அதை விட்டுவிட்டு ட்ரே சமையல் என்று ஒன்று எனக்கு வேண்டாம். நொய்யரிசியை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி இறக்க இருபது நிமிடம் போதும், நறுக்கும் வேலை இல்லையென்றால் வாரநாள் ராத்திரியிலும் செய்யலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் ஒரு சின்னப் பங்குகூட வராது. சுட்ட கத்தரி, சுட்ட தக்காளி, தோலோடு வெந்த பூண்டு மூன்றையும் ட்ரேயிலிருந்து எடுத்து, பச்சை மிளகாயும் உப்பும் வைத்து மத்தால் கடைந்து களிக்குத் தொட்டுக்கொண்டு பாருங்கள்.

சாமை ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், குக்கரில் இரண்டு விசில். சித்தேரி மலைப் பக்கத்துச் சாமை கிடைத்தால் அதையே வாங்குங்கள், ரொம்பத் தீட்டாததாகப் பார்த்து எடுங்கள். சோறும் சாமையும் களியும் மட்டும் அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. வெந்த தானியத்தை வெளியே வைத்தால், சூட்டுக்குச் சாகாமல் தப்பிய கிருமி விதைகள் அதில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

தக்காளி மலிவாகக் கிடைக்கும்போது என்ன செய்யலாம்?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விலை விழும் நாட்களில் விவசாயிகள் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வாரங்களில் வீட்டுக்கு ஐந்து கிலோ கூடுதலாக வாங்குங்கள். ஓவன் இருக்கும் வீட்டுக்கு அது இரண்டு மாதக் குழம்பு.

நல்ல பழமாகப் பார்த்து நீளவாக்கில் பாதியாக வெட்டி, வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி ட்ரேயில் அடுக்குங்கள். தக்காளி மட்டும் நெருக்கமாக இருக்கலாம், தண்ணீரை மெதுவாக வற்றவைக்கத்தான் போகிறோம். நடுவில் தோலுரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மேலே எண்ணெய், கல்லுப்பு. 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். ஓரங்கள் சுருங்கி, மேலே நின்ற சாறு பாகாகி, தோல் தானாகக் கழன்று நிற்கும் பதத்தில் எடுங்கள். ஆறிய பிறகு மிக்ஸியில் ஒரு சுற்று. இரண்டு கிலோ பழம் வற்றி ஒரு கிலோவுக்குக் கீழே வந்துவிடும்.

பிரிட்ஜில் நான்கு நாள், பிரீஸரில் சின்ன டப்பாக்களாகப் போட்டு வைத்தால் இரண்டு மூன்று மாதம். காலையில் ஒரு டப்பாவை வாணலியில் போட்டு, குழம்புத்தூள், தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் காரக்குழம்பு. வதக்கும் வேலையே கிடையாது. அதே விழுதில் முட்டை அவித்துப் போடலாம், பிள்ளைகளுக்குத் தோசைக்கும் தடவலாம். ட்ரேயில் பேக்கிங் பேப்பரை மறக்க வேண்டாம், தக்காளியின் புளிப்பைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்.

சைவ வீடு. சத்துக்கு, அதாவது புரதத்துக்கு என்ன வைப்பது?

பன்னீர், சோயா என்று ஓடுவதற்கு முன்னால் நம் காட்டில் விளைவதைப் பாருங்கள். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். ராத்திரி ஊறவைத்து, குக்கரில் மெத்தென்று வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, கொள்ளை நன்றாக வடியவிட்டு எண்ணெய், சீரகம், மிளகாய்த்தூள் பிசறி ட்ரேயில் 25 நிமிடம் வையுங்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவு. கொண்டைக்கடலையும் இதே முறைதான், இன்னும் பத்து நிமிடம் கூட ஆகும்.

மார்கழி, தை மாதத்தில் பச்சை அவரை, மொச்சை வரத்து இருக்கும்போது வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பிதுக்குப் பருப்பு எடுப்போம் அல்லவா, அதை வேகவைத்துக் குழம்புக்கு எடுத்தது போக ஒரு கிண்ணம் ட்ரேக்கு ஒதுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். பருப்பு உடைந்து ஓரம் சிவக்கும். எலுமிச்சையும் வெங்காயமும் சேர்த்தால் சாயங்காலத் தீனியாகவே தீர்ந்துவிடும்.

பன்னீர் என்றால் 12 நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், ரப்பராகும்.

கோழி, மீன்?

பிராய்லர் கோழி நன்றாக வரும். எலும்போடு உள்ள துண்டுகளை ஆழமாகக் கீறி, தயிர், இஞ்சிபூண்டு விழுது, மிளகுத்தூள், மஞ்சள், உப்பு தடவி பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, 200 டிகிரியில் 40 நிமிடம். எலும்பை ஒட்டிய இடத்தில் 74 டிகிரி ஏறியிருக்க வேண்டும். கறி தெர்மாமீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கும், கோழி அடிக்கடி செய்யும் வீட்டில் இருக்கலாம். அது இல்லையென்றால் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு தெரியாமல் வெள்ளையாக இருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் இன்னும் பத்து நிமிடம் உள்ளே தள்ளுங்கள். நாட்டுக்கோழியை ட்ரேயில் வைக்காதீர்கள், அதன் சதைக்கு ஈரத்தில் நெடுநேரம் வேக வேண்டும், குக்கரில் குழம்பாகட்டும்.

பச்சைக் கோழியைக் கழுவித் தெறிக்கவிட வேண்டாம், அந்தத் தண்ணீரில்தான் கிருமி சிங்க் முழுக்கப் பரவும். கோழி வெட்டிய பலகையில் காய் வெட்டவும் கூடாது.

மீன் வாரத்துக்குச் சேர்த்து வைக்கும் பொருள் இல்லை. கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கட்லாவோ ஜிலேபியோ வாங்கினால் அன்றைக்கே 15 நிமிடம் ட்ரேயில் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள். மாங்காய் சீசனில் பெங்களூரா மாங்காயை மெல்லிய வில்லையாக வெட்டி மீனுக்கு அடியில் பரப்பினால் எலுமிச்சை வேண்டாம், மீனும் ட்ரேயில் ஒட்டாது.

காய் எங்கே, எப்போது வாங்குவது?

உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தையே வந்துவிடுகிறது. ஓசூர்ப் பக்கத்துக் கோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் நமக்கு எட்டும் தூரத்தில் விளைகிறது, அதுவே பெரிய வசதி. ட்ரேக்குக் கொஞ்சம் முற்றாத, தண்ணீர் தெளிக்காத காயாகப் பார்த்து எடுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்றால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் ஒரு பெரியவருக்கு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் மேல்! நம்மில் யாரும் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. இரண்டு ட்ரேயால் அந்த அளவு முழுக்க நிரம்பாது, மேலே ஒரு கீரை, ஒரு வெள்ளரி, குழம்பில் கிடக்கும் காய் எல்லாம் சேரட்டும். நறுக்கின காய் தயாராக இருக்கும் வீட்டில் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே விழுகிறது, அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பிரிட்ஜில் எப்படி வைப்பது? கரண்ட் போனால்?

ட்ரேயிலேயே பரப்பினபடி ஆறவிடுங்கள், குவித்தால் உள்ளே சூடு நிற்கும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள். ஆழமான ஒரே டப்பா வேண்டாம், தட்டையான டப்பாக்களில் ஒரு நாளுக்கு ஒன்று என்று பிரித்து, மூடியில் கிழமையை எழுதி ஒட்டுங்கள். டப்பாவின் அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோழி கீழ்த் தட்டில், காய் மேல் தட்டில்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் எடுத்தால், கதவைத் திறக்காத பிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் கோழி, பன்னீர், முட்டை வைத்ததை வெளியே போட்டுவிடுங்கள், மனசு வலித்தாலும். மின்தடை அறிவிப்பு முதல் நாளே வந்துவிடும், அந்த வாரம் கோழி ட்ரேயை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

சர்க்கரை இருக்கிற அப்பா, மென்று சாப்பிட முடியாத பாட்டி, காய் வேண்டாம் என்கிற பையன். ஒரே ட்ரே எல்லோருக்கும் ஆகுமா?

ஆகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: உருளையை ஓவனில் வைத்ததால் அதிலிருக்கும் மாவு குறையாது. எண்ணெயில் பொரிப்பதைவிடக் கொழுப்பு குறைவு, அவ்வளவுதான். அவர் தட்டில் பாதி காலிபிளவர், பீன்ஸ், கத்தரி, வெண்டை இருக்கட்டும், உருளையும் சக்கரைவள்ளியும் சோற்றுக் கணக்கில் சேரட்டும். கேழ்வரகு என்பதற்காகக் களி உருண்டையின் அளவு கூடக் கூடாது. மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் சாப்பாட்டு அளவை மாற்றும்போது டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு அவர் பங்கை மட்டும் தனியே எடுத்து, வெந்நீர் தெளித்து மூடி வைத்து மசித்துக் கொடுங்கள். பையனுக்குப் பச்சையாகக் கசக்கும் காய் சிவந்து வரும்போது இனிக்கும்; கேரட்டையும் பீன்ஸையும் விரல் நீளத்துக்கு வெட்டி வையுங்கள், ட்ரே வெளியே வரும்போது அடுப்படிக்கு அவனே வருவான். அப்போது தட்டில் போட்டுக் கொடுக்காமல் ட்ரேயிலிருந்தே எடுக்கவிடுங்கள், சூடு ஆறியதும்.

ஓவன் இல்லை, இப்போதைக்கு வாங்கவும் முடியாது. விட்டுவிடட்டுமா?

எதற்கு விட வேண்டும். கனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் போதும். கல்லை நன்றாகக் காயவிட்டு, பிசறிய காயை ஒற்றை அடுக்காகப் பரப்பி, மிதமான தீயில் மூடாமல் ஐந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். அடி சிவந்ததும் புரட்டி, கிழங்காக இருந்தால் மட்டும் மூன்று நிமிடம் மூடி, மறுபடியும் திறந்து ஈரம் போகவிடுங்கள். நான்கு ஈடு எடுத்தால் ஒரு ட்ரே அளவு வந்துவிடும். ஓவனில் போல விட்டுவிட்டுப் போக முடியாது, அரை மணி நேரம் கூட நிற்க வேண்டியிருக்கும், ஆனாலும் திங்கள் காலையில் நறுக்கும் வேலை இல்லை. ஏர் பிரையர் இருக்கிற வீட்டில் 180 டிகிரி, ஓவன் நேரத்தில் முக்கால் பங்கு, கூடையை நிரப்பாமல் இரண்டு ஈடாக.

கடைசியாக, ட்ரேயில் ஒட்டிப் பிடித்ததை எப்படிக் கழுவுவது?

கம்பி போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும், அடுத்த முறை இன்னும் ஒட்டும். ட்ரே ஆறினதும் வெந்நீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் சமையல் சோடா தூவி, சாப்பிட்டு முடிக்கும் வரை ஊறவிடுங்கள். மரக் கரண்டியால் தள்ளினாலே வந்துவிடும். கழுவினதைத் துடைத்து, ஓவனின் மிச்சச் சூட்டிலேயே உள்ளே வைத்துவிட்டால் ஈரம் போய்த் துருப்பிடிக்காமல் இருக்கும்.